சூரியனுக்குக் கூண்டு செய்தவர்

சூரியன் எதனால் எரிகிறது என்ற கேள்விக்கு மனிதன் தெளிவான விடை கண்டது 1930களின் இறுதியில்தான். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாக மாறும்போது வெளிப்படும் ஆற்றலே நம்மிடம் வெயிலாக வந்து சேர்கிறது. அந்த இணைவைப் பூமியில் நிகழ்த்தி மின்சாரம் எடுக்க வேண்டும் என்பது அறிவியலாளர்களின் முக்கால் நூற்றாண்டுக் கனவு. புகையில்லை, கரியில்லை, எரிபொருளுக்குப் பஞ்சமில்லை என்று இம்முறையைப் புகழாதவர் குறைவு.

அன்பார்ந்த வாசகர்களே, இயற்பியல் பயிலும் மாணவன் என்பதால் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அணுக்கரு இணைவு மின்நிலையம் முற்றிலும் ஆபத்தற்றதாமே, உண்மைதானா என்பதே அது. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட நான், ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றில் போய் நின்றேன். அவர்தான் சோவியத் இயற்பியலாளர் ஆந்த்ரேய் சகாரோவ். இணைவை அடக்கி வைக்கும் காந்தக் கூண்டை முதலில் சிந்தித்தவர்களுள் ஒருவர் அவர். இணைவினால் விளையும் தீங்கை எண்ணிக்கையில் எழுதிக் காட்டியவரும் அவரே. ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் அமைந்ததுதான் என்னை அவர்பால் ஈர்த்தது.

ஆசிரியர் வீட்டுப் பிள்ளை

சகாரோவ் 1921ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை திமித்ரி இயற்பியல் ஆசிரியர்; பாடநூல்கள் எழுதியவர்; பியானோ வாசிப்பதிலும் வல்லவர். சிறு வயதில் வீட்டிலேயே கல்வி கற்ற சகாரோவ், 1938இல் மாஸ்கோ அரசு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலச் சேர்ந்தார். 1941இல் ஜெர்மானியப் படை சோவியத் மண்ணில் நுழைந்ததும் பல்கலைக்கழகம் மத்திய ஆசியாவிலுள்ள அஷ்காபாத் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கேதான் 1942இல் அவர் பட்டம் பெற்றார்.

பிறகு உல்யானோவ்ஸ்க் நகரிலிருந்த ஒரு தோட்டாத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தோட்டாவின் எஃகு உள்ளகம் சரியாகப் பதப்படுத்தப்பட்டுள்ளதா என்று காந்தத்தைக் கொண்டு சோதிக்கும் கருவி ஒன்றை அவர் அங்கு உருவாக்கினார். 1943இல் அதே நகரில் கிளாவ்தியாவை மணந்தார். 1945இல் மாஸ்கோவுக்குத் திரும்பி, கோட்பாட்டு இயற்பியல் அறிஞர் இகோர் தாம் என்பவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவரது வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது இந்த ஆசிரியர் மாணவர் உறவுதான் எனலாம்.

மறைக்கப்பட்ட ஊர்

1948இல் ஹைட்ரஜன் குண்டு ஆய்வுக்கென ஒரு குழுவை அமைக்கும் பொறுப்பு தாமிடம் ஒப்படைக்கப்பட்டது. சகாரோவும் அதில் சேர்க்கப்பட்டார். 1950இல் அவர் சாரோவ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அந்த ஊரின் பெயரே வரைபடங்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. இரு வல்லரசுகளிடமும் சம வலிமை இருந்தால்தான் இன்னொரு பெரும்போர் மூளாது என்று அன்று அவர் நம்பினார்.

1953 ஆகஸ்ட் 12ஆம் நாள், கசக்ஸ்தானின் செமிபலாதின்ஸ்க் திடலில் அவரது குண்டு சோதிக்கப்பட்டது. அதன் வலிமை ஏறக்குறைய 400 கிலோ டன். ஆனால் அதற்குச் சற்று முன்னர் நடந்ததுதான் என் கவனத்தைக் கவர்ந்தது. வெடிப்புக்குப்பின் காற்றில் பரவும் கதிரியக்கத் தூசி சுற்றுவட்டார மக்கள்மீது படியும் என்பது சோதனை நாள் நெருங்கிய வேளையில்தான் குழுவினருக்கு உறைத்தது. பல ஆண்டுகள் உழைத்த அறிஞர் கூட்டத்தில் எவரும் அதுவரை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவசர அவசரமாகப் பல்லாயிரம் பேர் லாரிகளில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் சிலர் அடுத்த ஆண்டு வரை ஊர் திரும்ப இயலவில்லை.

குண்டு வெடித்தது. பாராட்டும் பதக்கமும் குவிந்தன. முப்பத்திரண்டு வயதில் சகாரோவ் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார்.

ஒரு படைவீரரின் கடிதம்

அணுக்கரு இணைவு மின்நிலையத்தின் கதை 1950ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்குகிறது. தூரக் கிழக்கிலுள்ள சகாலின் தீவில் பணியாற்றிய ஓலெக் லாவ்ரென்தியேவ் என்ற இளம் படைவீரர், இணைவை மின்புலத்தால் அடக்கி ஆற்றல் பெறலாம் என்று அரசுக்கு எழுதியிருந்தார். அதைப் பரிசீலிக்கும் பணி சகாரோவிடம் வந்தது. அவர் அந்த இளைஞரை அலட்சியப்படுத்தவில்லை. யோசனையின் சிறப்பைப் பாராட்டி எழுதினார். அதே வேளையில் அதன் குறையும் அவருக்குப் புலப்பட்டது. அவ்வளவு கடும் வெப்பம் கொண்ட பிளாஸ்மா எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தப் பொருள் தாங்காது, பிளாஸ்மாவும் குளிர்ந்துவிடும். ஆகவே எதையும் தொடாத கூண்டு தேவை.

அந்தக் கூண்டு காந்தப்புலம்தான் என்று சகாரோவும் தாமும் கண்டனர். மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுற்றியே ஓடும். குழாய் நேராக இருந்தால் இரு முனைகளிலும் அவை தப்பிவிடும். குழாயை வளைத்து, உளுந்து வடை போல் நடுவில் ஓட்டையுள்ள வளையமாக்கிவிட்டால் முனையே இல்லை. இந்த எளிய சிந்தனையிலிருந்து பிறந்ததுதான் பின்னர் டோக்காமாக் எனப் பெயர்பெற்ற பொறி. சோதனைப் பணிகளை லெவ் அர்த்சிமோவிச் தலைமையேற்று நடத்தினார். 1968இல் சோவியத் குழு வெளியிட்ட வெப்ப அளவை முதலில் பலர் நம்பவில்லை. 1969இல் பிரிட்டிஷ் அறிஞர் குழு மாஸ்கோவுக்கே சென்று லேசர் கொண்டு அளந்து, அது உண்மை என உறுதிசெய்தது. அதன் பின்னர் உலகெங்கும் டோக்காமாக் பரவியது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். தாமும் சகாரோவும் எழுதிய தொடக்கக் கட்டுரைகளிலேயே, இப்பொறியிலிருந்து வெளிவரும் நியூட்ரான்களைக் கொண்டு குண்டுக்குரிய பொருள்களையும் தயாரிக்கலாம் என்ற குறிப்பு உண்டு. கூண்டு செய்தவர்களுக்கே அதன் இரட்டை முகம் தெரிந்திருந்தது.

தூய்மை என்ற சொல்லுக்கு ஒரு கணக்கு

1955 நவம்பர் 22ஆம் நாள் மேலும் வலிமையான குண்டு சோதிக்கப்பட்டது. அதன் அதிர்வலையில் பதுங்குகுழி இடிந்து ஒரு படைவீரரும், வேறோர் இடத்தில் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் மாண்டனர். அன்றிரவு விருந்தில், இக்குண்டுகள் சோதனைத் திடலில் மட்டுமே வெடிக்கட்டும், எந்நகரின் மீதும் வெடிக்க வேண்டாம் என்று சகாரோவ் வாழ்த்துரை கூறினார். படைத்தளபதி நெதெலின் ஒரு கொச்சையான கதையால் பதில் சொன்னார். செய்து கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது, பயன்படுத்துவது எங்கள் வேலை என்பதே அக்கதையின் பொருள். அந்த இரவு சகாரோவின் உள்ளத்தில் ஆறாத வடுவாக நின்றது.

அக்காலத்தில் அமெரிக்காவில் தூய்மையான குண்டு என்ற பேச்சு எழுந்தது. அணுக்கருப் பிளவைக் குறைத்து இணைவைக் கூட்டினால் கதிரியக்கத் தூசி குறையும் என்பதே வாதம். இதைப் பற்றி எழுதுமாறு சோவியத் அணுத்திட்டத் தலைவர் குர்சாதோவ் சகாரோவைக் கேட்டுக்கொண்டார். சகாரோவ் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். இணைவு நியூட்ரான்களை உமிழ்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாக்கிக் கதிரியக்கக் கார்பன்-14 ஆக மாற்றுகின்றன. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 5,730 ஆண்டுகள். அது பயிரில் ஏறி, உணவில் கலந்து, இன்னும் பிறவாத பிள்ளைகளின் உடலிலும் சேரும். ஒவ்வொருவருக்கும் கிட்டும் கதிர்வீச்சு மிகச் சிறிது. ஆனால் அத்தனை தலைமுறைகளையும் கூட்டிப் பார்த்தால், ஒரு மெகா டன் வெடிப்புக்கு ஏறத்தாழ 10,000 பேர் பலியாவர் என்று 1958இல் அவர் எழுதினார்.

இந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் எண்ணிய முறை. சிறிய அளவுதானே என்று ஒதுக்காமல், முகம் தெரியாத மனிதரையும் அவர் கணக்கில் சேர்த்தார். எவ்வளவு சிறிய கதிர்வீச்சையும் தீங்கற்றதெனக் கொள்ளக்கூடாது என்ற அணுகுமுறைதான் இன்றும் உலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படையாக உள்ளது.

இருந்தும் அவர் உடனே விலகிவிடவில்லை. 1961 அக்டோபர் 30ஆம் நாள் வெடித்த, வரலாற்றிலேயே மிகப் பெரிய குண்டின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. சுமார் 50 மெகா டன் வலிமையில் பெரும்பகுதி இணைவிலிருந்தே வந்தது. 1962இல், தேவையற்றது என அவர் கருதிய ஒரு சோதனையை நிறுத்தத் தலைவர்கள் வரை சென்று மன்றாடினார். பயனில்லை. குண்டு வெடித்த செய்தி கேட்டு மேசையில் முகம் புதைத்து அழுதார். ஆனால் முயற்சியைக் கைவிடவில்லை. வானிலும் நீரிலும் விண்வெளியிலும் நடக்கும் சோதனைகளை மட்டுமாவது தடைசெய்யலாம் என்ற யோசனையை அமைச்சரிடம் எடுத்துரைத்தார். 1963இல் மாஸ்கோவில் அத்தகைய உடன்படிக்கை கையெழுத்தானது.

கொடுத்த விலை

1968இல் மனித முன்னேற்றம், அமைதி, கருத்துரிமை பற்றிய அவரது கட்டுரை வெளிநாட்டில் அச்சானது. அதோடு இரகசிய ஆய்வின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1969இல் கிளாவ்தியா புற்றுநோயால் இறந்தார். சகாரோவ் தம் சேமிப்பைப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்திற்கும் கொடுத்துவிட்டார். 1972இல் மனித உரிமைப் போராளி யெலேனா போனரை மணந்தார். 1975இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு நாட்டைவிட்டுச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. மனைவியே ஆஸ்லோவில் பெற்றுக்கொண்டார். 1980 ஜனவரியில் பதக்கங்கள் பறிக்கப்பட்டு, கோர்க்கி நகருக்கு நாடு கடத்தப்பட்டவர்போல் அனுப்பப்பட்டார். ஏறக்குறைய ஏழாண்டுகள் காவலர் கண்காணிப்பில் வாழ்ந்தார்.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தபோதும் அவர் கோர்க்கியில்தான் இருந்தார். அணுமின்சாரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அணு உலைகளை நிலத்தடியில் அமைக்க வேண்டும் என்று வாதிட்டார். செலவு கூடினாலும், விபத்து நேர்ந்தால் நச்சு ஊருக்குள் பரவாது என்பது அவர் கருத்து. அவ்வாண்டு டிசம்பரில் கோர்பச்சோவ் தொலைபேசியில் அழைத்து விடுதலைச் செய்தியைச் சொன்னார். 1989இல் மக்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சகாரோவ், அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், 68ஆம் வயதில் காலமானார்.

அவர் வழியில் இன்றைய கணக்கு

சகாரோவ் மறைந்தாலும் அவரது கூண்டு வளர்ந்தது. பிரான்சின் தெற்கே கடராஷ் என்னுமிடத்தில் ஐடெர் என்ற மாபெரும் டோக்காமாக் எழும்பி வருகிறது. இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை இணைந்து கட்டுகின்றன. இங்கிலாந்தின் ஜெட் பொறி 2023இல் 69 மெகா ஜூல் ஆற்றலை வெளியிட்டுச் சாதனை படைத்து ஓய்வு பெற்றது. நம் நாட்டிலும் 1980களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிறிய பிளாஸ்மா கருவிகளை உருவாக்கி, வளரும் நாடுகளின் அறிஞர்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

முதலில் நற்செய்தியைச் சொல்கிறேன். இணைவு உலை செர்னோபில் போல் கட்டுமீறி வெடிக்காது. அங்கே தொடர்வினை இல்லை. எந்த நொடியிலும் பிளாஸ்மாவிலுள்ள எரிபொருள் ஒரு சில கிராம்களுக்கு மேல் போகாது. ஏதேனும் பிசகினால் பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துவிடும். இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம்.

முதலாவது நியூட்ரான். டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நியூட்ரான் பாய்கிறது. அதற்கு மின்னேற்றம் இல்லாததால் காந்தக் கூண்டு அதைத் தடுக்காது. அது சுவரில் மோதி எஃகையே கதிரியக்கப் பொருளாக்குகிறது. நாளடைவில் அதன் வலிமையையும் குறைக்கிறது. பழுதுபார்க்க மனிதர் உள்ளே போக முடியாது. இயந்திரக் கைகள்தாம் போக வேண்டும். நிக்கல், மாலிப்டினம் போன்றவற்றைத் தவிர்த்து, டங்ஸ்டன் சேர்த்துச் சிறப்பு எஃகு தயாரிக்கின்றனர். அதன் கதிரியக்கம் நூறாண்டு அளவில் வெகுவாகத் தணிந்துவிடும் என்பது நோக்கம். பிளவு உலைக் கழிவோடு ஒப்பிட்டால் இது பெரும் நன்மை. என்றாலும் நூறாண்டு என்பது மூன்று நான்கு தலைமுறை என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது டிரிட்டியம். இதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். இதன் கதிர் தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் இதுவும் ஹைட்ரஜன்தான். ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிட்டால் குடிநீர் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் புகும். சூடான உலோகத்தின் ஊடேயும் கசியும். 1,000 மெகா வாட் இணைவு ஆற்றலை ஓராண்டு முழுவதும் தர ஏறக்குறைய 56 கிலோகிராம் டிரிட்டியம் வேண்டும். இயற்கையில் இது அரிது. ஆகவே உலையைச் சுற்றி லித்தியம் வைத்து அங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும். திரவ லித்தியமோ தண்ணீர் பட்டால் தீவிரமாக வினைபுரியும். பிளாஸ்மாவில் சில கிராம்தான் உள்ளது என்பதை மட்டும் சொல்லி, குழாய்களிலும் சுவர்களிலும் தேங்கும் டிரிட்டியத்தைச் சொல்லாமல் விடுவது அரைக்கணக்கு.

மூன்றாவது கூண்டே. ஐடெரின் முதன்மைக் காந்தச் சுருள்கள் -269 பாகை செல்சியஸ் குளிரில் இயங்கும் மீக்கடத்திகள். அவற்றில் தேங்கும் ஆற்றல் 41 கிகா ஜூல், அதாவது சுமார் 10 டன் வெடிமருந்தின் ஆற்றல். ஓரிடத்தில் மின்காப்பு பழுதானால் அந்த ஆற்றல் தீப்பொறியாகப் பாயலாம். இது வெறும் கற்பனை அன்று. 2021 மார்ச் மாதம் ஜப்பானின் நாக்கா நகரிலுள்ள ஜேடி-60எஸ்ஏ டோக்காமாக்கில் காந்தச் சுருளைச் சோதித்தபோது மின்காப்புப் பழுதினால் மின்பொறி கிளம்பி, ஹீலியம் கசிந்தது. பழுதுநீக்கி முதல் பிளாஸ்மாவை உண்டாக்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.

நான்காவது, பிளாஸ்மா திடீரெனக் குலைவது. ஆயிரத்தில் சில நொடிகளில் அதன் ஆற்றல் முழுவதும் சுவரில் இறங்கும். வேகமெடுத்த எலக்ட்ரான்கள் சுவரைத் துளைக்கலாம். அரிப்பினால் கதிரியக்கத் தூசி சேரும். நீர்க்குழாய் உடைந்து, சூடான தூசியோடு நீராவி வினைபுரிந்தால் ஹைட்ரஜன் உருவாகி வெடிக்கும் அபாயமும் உண்டு. ஐடெரின் உட்சுவருக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரிலியம், தூசியாக மூச்சில் புகுந்தால் நுரையீரலைக் கெடுக்கும் நச்சு. 2023இல் அதைக் கைவிட்டு டங்ஸ்டனுக்கு மாற முடிவெடுத்தனர்.

ஐந்தாவது, சகாரோவே தொடக்கத்தில் குறித்த ஆபத்து. மிகுதியான நியூட்ரான்கள் உள்ள இடத்தில் யுரேனியத்தை மறைத்து வைத்தால் அது புளூட்டோனியமாகும். நம்பகமான கண்காணிப்பு இல்லையேல், மின்நிலையம் ஆயுதச் சாலையாக மாறலாம்.

யார் எண்ணுவது?

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபின் என் முடிவு இதுதான். இணைவு மின்நிலையம் பிளவு உலையைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. முற்றிலும் ஆபத்தற்றது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இன்று தனியார் நிறுவனங்கள் பல இத்துறையில் போட்டி போடுகின்றன. 2023இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இணைவு நிலையங்களை வழக்கமான அணு உலைக்குரிய கடுமையான உரிம விதிகளின்கீழ் கொண்டுவர வேண்டியதில்லை என முடிவெடுத்தன. ஆபத்தின் அளவுக்கேற்ற விதி என்பது நியாயம்தான். ஆனால் அந்த அளவை யார் எண்ணினார்கள், எவற்றைச் சேர்த்தார்கள், எவற்றை விட்டார்கள் என்று கேட்கும் உரிமை நிலையத்தின் அருகில் வாழப்போகும் மக்களுக்கு உண்டு.

1953இல் செமிபலாதின்ஸ்கைச் சுற்றி வாழ்ந்த மக்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. லாரி வந்து நின்றபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த லாரிகளைக் கண்ட இளம் அறிஞர்தான், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, பிறவாத பிள்ளைகளையும் தம் கணக்கில் சேர்த்தார். சகாரோவைக் கூண்டு செய்தவர் என்று பாடநூல்கள் நினைவுகூர்கின்றன. கணக்குக் கேட்டவர் என்றும் நாம் நினைவில் வைப்போம். அறிவியல் பயிலும் தமிழ் மாணவர்களே, நாளை நம் மண்டல நாடுகளிலும் இத்தகைய நிலையங்கள் எழலாம். அன்று திட்டத்தை வரைபவராகவோ, அனுமதி வழங்குபவராகவோ நம்முள் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். தூய்மையானது என்ற சொல் காதில் விழுந்தவுடன் தலையசைத்துவிடாமல், தாளை எடுத்து எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்வோம்.